வாசகர் கேள்வி பதில்: பழைய டெலிபோன் ரிசீவரைக் கழற்றிச் சுத்தம் செய்வது

டயல் போன் பற்றி வந்த கேள்விகளில் ரிசீவர் தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில். கையில் எடுத்துப் பேசுகிற பகுதி முழுவதையும் ரிசீவர் என்றே எழுதியிருக்கிறோம். அதற்குள் காதுப் பக்கம் இருக்கும் உறுப்பு இயர்பீஸ், வாய்ப் பக்கம் இருப்பது மைக்.

அம்பாசமுத்திரம் வாசகி: அண்ணாச்சி, எங்கள் மாமனாரின் அரிசி மில்லில் இருந்த கருப்பு டயல் போன் பரணில் கிடந்தது. ஐ.டி.ஐ. என்று போட்டிருக்கிறது. ரிசீவர் முழுக்கப் பிசுக்கு. பேசுகிற இடத்து ஓட்டைகள் அடைந்து கிடக்கின்றன. வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாமா? எதில் தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. ஐ.டி.ஐ. என்பது 1948-ல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை. அங்கே செய்த பழைய கருப்புப் போன்கள் கனமான பேக்கலைட்டில் ஆனவை. லியோ பேக்லேண்ட் 1907-ல் கண்டுபிடித்த இந்தப் பொருள் அச்சில் ஒருமுறை வெந்து இறுகிவிட்டால் மறுபடி இளகாது. அதற்குள் நிரப்பியிருப்பது பெரும்பாலும் மரத்தூள். மேலே இருக்கும் பளபளப்பான தோல் போன்ற பிசின்தான் அந்த மரத்தூளுக்குக் காவல். அது தேய்ந்த இடத்திலும், மூடியின் மரையிலும் தண்ணீர் மெள்ள உள்ளே இறங்கும். இறங்கினால் திட்டுத் திட்டாக வெளிறும். பரணில் கிடந்து கெட்ட ரிசீவரைவிட, இறக்கிய அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் முக்கிக் கெடுத்த ரிசீவர்தான் அதிகம். ஆகவே முக்கவே கூடாது, துடைக்க மட்டும்தான்.

போன் லைனில் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். சும்மா இருக்கும் லைனில் சுமார் 48 வோல்ட் டி.சி. இருக்கும். மணி அடிக்கும்போது வருவது 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி.; வயர் மாட்டும் டெர்மினல் திறந்திருந்து அதில் கை இருந்தால் சுரீரென்று இழுக்கும்.

வேண்டியவை அதிகமில்லை. 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் முனையுள்ள இரண்டு தட்டைத் திருப்புளி, மென்மையான பழைய டூத் பிரஷ், வாட்டர் கலர் பிரஷ் ஒன்று, நைந்த வேட்டித் துணி, நாலைந்து ஈர்க்குச்சி, ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்க ஒரு வெள்ளைக் கிண்ணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி போதும். செல்போன் சர்வீஸ் கடைகளுக்குச் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் கை சானிடைசர் ஜெல்லை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் இருக்கும் கிளிசரினும் கெட்டிப்படுத்தும் பொருளும் காயாமல் ஒட்டி நின்று தூசியைப் பிடிக்கும். மேசையில் தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்து விரியுங்கள். பேக்கலைட் சிமென்ட் தரையில் விழுந்தால் தெறித்துவிடும்.

முதலில் உலர்ந்த பிரஷால் வெளித் தூசி முழுவதையும் தட்டுங்கள். ஈரம் பட்ட பிறகு தட்டினால் தூசி சேறாகி மரைக்குள் போய் உட்காரும். பிறகு காதுப் பக்கம் மேலே பார்க்க ரிசீவரைப் பிடித்து, அந்த மூடியை இடப்புறமாகத் திருகிக் கழற்றுங்கள். கவிழ்த்து வைத்துத் திருகினால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு நழுவி விழுந்து வளையும். பழைய மாடலில் மூடியை எடுத்ததும் வட்டமான மெல்லிய தகடு ஒன்று கண்ணில் படும். அது எதிலும் ஒட்டவைக்கப்படவில்லை, அடியில் இருக்கும் காந்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. திருப்புளியால் நெம்பாதீர்கள். விரலால் பக்கவாட்டில் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓரத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வையுங்கள். திரும்பப் போடும்போது அதே பக்கம் மேலே வர வேண்டும். சற்றுப் பிந்திய மாடல்களில் தகடும் காந்தமும் சேர்த்து மூடிய ஒரே டப்பாவாக இருக்கும். அதைத் திறக்க வேண்டியதில்லை.

வயர்களைக் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வயர்களில் சாயம் மங்கி, சிவப்பும் பச்சையும் ஒரே பழுப்பாகத் தெரியும். படம் மட்டும் போதாது. ஒவ்வொரு வயரிலும் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று வெவ்வேறு நூல் கட்டிவைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

வாய்ப் பக்க மூடியிலும் இதே முறைதான். ஆனால் திருகும் முன் மூடியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். சில மாடல்களில் சிறிய பூட்டு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தாமல் திருகினால் மூடி கீறும். மூடியை எடுத்ததும் மைக் டப்பா வெளியே வரும். சிலவற்றில் அது இரண்டு ஸ்ப்ரிங் தகடுகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் வயர் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். அந்த டப்பாவை ஈரத் துணியால்கூடத் துடைக்க வேண்டாம். உலர்ந்த பிரஷால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது கரித்துகள். பிரிக்கப் பார்த்தால் கொட்டிப்போகும், திரும்ப அதே அளவில் நிரப்ப நம்மால் முடியாது.

இப்போது மூடிகள் தனியே கையில் இருக்கும். பழைய கடைப் போன்களில் ஓட்டைகளை அடைத்திருப்பது எச்சிலும் வெற்றிலைச் சாறும் முகப் பவுடரும் சேர்ந்து இறுகிய பசை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டு, டூத் பிரஷை நனைத்து நன்றாக உதறிவிட்டு மூடியின் உட்புறத்தைத் தேயுங்கள். மூடியைத் தண்ணீரில் போடாமல், அப்படியே ஐந்து நிமிஷம் ஊறட்டும். பிறகு ஈர்க்குச்சியின் நுனியைப் பல்லால் நசுக்கி நாராக்கி, உள்ளே இருந்து வெளியே ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தி எடுங்கள். ஊக்கும் ஊசியும் ஓட்டையின் விளிம்பைக் கீறிவிடும். அதிலும் மூடியைக் கழற்றாமல் வெளியே இருந்து ஊக்கை விட்டால், மைக்கின் மேல் ஈரம் படாமல் காக்கும் மெல்லிய சவ்வு கிழியும். சுத்தமானதும் வெறும் ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் ஒரு இரவு விடுங்கள். நம் ஊர் வெயிலில் காயப் போட்டால் கருப்பு மங்கி பழுப்பாகும்.

ஸ்ப்ரிங் தகடு, டெர்மினல் ஸ்க்ரூ, லக்கு (வயர் நுனியில் இருக்கும் உலோக முனை) ஆகியவற்றில் பச்சையாகப் பூத்திருந்தால் பென்சில் ரப்பரைக் கூராக வெட்டித் தேயுங்கள். மிச்சத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சு எடுத்துவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளியோ எலுமிச்சையோ போட வேண்டாம். விளக்கைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டு அலசுகிறோம், இங்கே அலச முடியாது. இடுக்கில் தங்கிய புளிப்பு ஒரே மழைக்காலத்தில் மறுபடி பச்சையைக் கொண்டுவரும். உப்புத்தாளும் கூடாது, அது மேலே இருக்கும் நிக்கல் பூச்சை எடுத்துவிடும், அதன் பிறகு பச்சை பூப்பது இன்னும் வேகம்.

கடைசியாகப் பளபளப்பு. கார் பெயிண்டுக்குப் போடும் மென்மையான பாலிஷ் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு துணியில் எடுத்து, சிறு வட்டங்களாகத் தேயுங்கள். துணியில் பழுப்புக் கறை வரும். வெளுத்துப்போன மேல்தோல்தான் அது, பயப்பட வேண்டாம். கறை குறையும்போது நிறுத்திவிடுங்கள். எழுத்து பொறித்த இடத்தில் தேய்க்கவே கூடாது. பிறகு நிறமில்லாத மெழுகு பாலிஷ் ஒரு பூச்சு, பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் துடைப்பு.

திரும்ப மாட்டும்போது பலரும் மறந்துபோகும் ஒன்று உண்டு. கேபிளின் நுனியில் ஒரு நூல் வளையமோ கொக்கியோ இருக்கும். கைப்பிடிக்குள் இருக்கும் சிறு கொக்கியில் அதை மாட்டினால்தான் இழுக்கும்போது பாரம் நூலில் விழும். விட்டுவிட்டால் ஒவ்வொரு முறை ரிசீவரைத் தூக்கும்போதும் பாரம் லக்கில் விழுந்து, சில மாதத்தில் வயர் அறும். மூடிகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: காதுப் பக்க மூடி அசையவே மாட்டேன் என்கிறது. இடுக்கி போடலாமா?

போடாதீர்கள் அய்யா. பேக்கலைட் நெருக்கினால் நசுங்காது, நேராக விரிசல்தான். இறுகியிருப்பதற்குக் காரணம் மரையில் இறங்கிக் காய்ந்த தலை எண்ணெயும் தூசியும். சில போன்களில் மேலே அடித்த வார்னிஷும் சேர்ந்திருக்கும். இணைப்புக் கோட்டில் உலர்ந்த பிரஷால் தூசி எடுத்துவிட்டு, ஈர்க்குச்சி நுனியால் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சுற்றிலும் வைத்து அரைமணி நேரம் விடுங்கள். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி மூடியைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுங்கள். இன்னொரு துண்டைக் கைப்பிடியில் கட்டுங்கள். உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்துத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.

வரவில்லையென்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து மூடியின் விளிம்பை மட்டும் ஒரு நிமிஷம் சூடாக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். கை வைத்தால் பொறுக்கும் சூடு போதும். அதற்கு மேல் போனால் உள்ளே இயர்பீஸின் காயில் என்ற கம்பிச் சுருளின் மேல் இருக்கும் மெழுகு உருகும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே இங்கே கூடாது, அது மரை வழியாக உள்ளே ஊறித் தகட்டில் படியும். ஒரு நாளில் வரவில்லையென்றால் இரண்டு நாள் ஆகட்டும்.

தென்காசி வாசகர்: என்னிடம் இருப்பது தந்த நிற ரிசீவர். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அப்போது பளிச்சென்று இருந்தது. மறுநாள் பார்த்தால் முடி போல நுண்ணிய கோடுகள். என்ன ஆயிற்று?

உங்கள் ரிசீவர் பேக்கலைட் இல்லை தம்பி. பேக்கலைட் கருப்பிலும் அடர் பழுப்பிலும்தான் நன்றாக வரும். தந்தம், சிவப்பு, பச்சை என்று நிறம் கேட்டவர்களுக்காகப் பழைய பிரிட்டிஷ் மாடல்களில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள். அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஆகாது, ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தான். அச்சில் வார்க்கும்போது உள்ளே நின்றுபோன இறுக்கம், ஆல்கஹால் பட்டதும் நுண்ணிய வெடிப்புகளாக வெளியே வரும். வந்த கோடு போகாது. இனிமேல் பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம்: ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், சோப்பு தொட்ட ஈரத் துணி மட்டும். அக்ரிலிக்குக்கென்றே விற்கும் பாலிஷ் போட்டால் மேலோட்டமான கோடுகள் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும்.

பிந்திய காலத்து வெளிர் நிற ரிசீவர்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். மூன்றையும் பிரித்தறிய நெருப்பில் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு நல்ல பொருளில் ஓட்டை போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கழற்றிய மூடியின் உட்புறத்தைக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கார்பாலிக் சோப்பு நெடி அடித்தால் பேக்கலைட். நகத்தால் தட்டினால் பேக்கலைட் கணீரென்று ஒலிக்கும், ஏ.பி.எஸ். மொத்தென்று இருக்கும். சந்தேகம் இருக்கும்வரை சோப்புத் தண்ணீரைத் தாண்ட வேண்டாம்.

ஏ.பி.எஸ். மஞ்சளாகிப்போனதைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அழகு நிலையங்களுக்கு விற்கும் 40 வால்யூம் டெவலப்பர் க்ரீமில் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். உறுப்புகளையெல்லாம் கழற்றிய வெறும் ஓட்டில் அதைச் சமமாகப் பூசி, மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, வெயிலில் வைத்து அரைமணிக்கு ஒருமுறை திருப்பிவைத்தால் வெளுக்கும். கையுறை கட்டாயம். நம் பக்கத்து உச்சி வெயிலில் க்ரீம் காய்ந்து வரி வரியாக வெளுத்துவிடும், காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் செய்யுங்கள். வெளுத்தது சில வருஷத்தில் மறுபடி மஞ்சளாகலாம். எங்களைக் கேட்டால் ஒரே சீராக மஞ்சளானதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

திசையன்விளை வாசகர்: எதிர்முனையில் பேசுவது கேட்கிறது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கரகரவென்று, தகரம் அதிர்கிற மாதிரி. இயர்பீஸ் போய்விட்டதா?

உங்கள் ஊர் மண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் அண்ணாச்சி. தேரி என்ற செம்மணல் மேட்டு மணலில் இல்மனைட் போன்ற இரும்பு கலந்த கருமணல் உண்டு. ஆடிக் காற்றில் பறக்கும் நுண்துகள் மூடியின் ஓட்டை வழியே உள்ளே போகிறது. இயர்பீஸில் இருப்பது எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும் நிலைக்காந்தம். உள்ளே போன இரும்புத்துகள் வெளியே வராது. தகட்டுக்கும் காந்த முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். அங்கே நாலு துகள் நின்றாலே தகடு அதில் மோதிக் கரகரக்கும்.

முன்பு சொன்னபடி தகட்டைப் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். ஊதிப் பார்த்துப் பயனில்லை. காந்தத்தில் பிடித்த துகள் ஊதினால் நகருமே தவிரப் போகாது. செல்லோ டேப்பை விரல் நுனியில் ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, காந்த முனைகளின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். டேப்பில் கருப்பு ஒட்டுவது நிற்கும்வரை புதிது புதிதாகச் சுற்றுங்கள். முனைகளைச் சுற்றியிருக்கும் காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, அதன் மேல் டேப் படக் கூடாது. தகட்டின் அடிப்புறத்தையும் இதேபோல் ஒற்றுங்கள். வேலை செய்யும் இடத்தில் இரும்பு ராவிய தூளோ ஆணியோ இருக்கவே கூடாது.

சுத்தம் செய்தும் கரகரத்தால் தகட்டைக் கண்ணாடி மேல் வையுங்கள். ஓரம் எங்காவது தூக்கினால் தகடு வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்தினால் சரியாக உட்காராது, அதே விட்டமும் அதே கனமும் உள்ள வேறு தகடுதான் போட வேண்டும். புள்ளித் துரு இருந்தால் உலர்ந்த பிரஷோடு நிறுத்துங்கள். உப்புத்தாள் போட்டால் கனம் குறைந்து குரலின் தன்மையே மாறும். உவரி, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் சேர்த்து, வருஷம் ஒருமுறை காதுப் பக்க மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

சங்கரன்கோவில் வாசகி: எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்பதில்லை. ரிசீவரை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் சிறிது நேரம் கேட்கிறது. ஏன் இப்படி?

அது கரித்துகள் மைக். ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1878-ல் காப்புரிமை வாங்கிய யோசனைதான் இதற்கு அடிப்படை. இரண்டு தகடுகளுக்கு நடுவே கரித்துகள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரம் அதன் வழியே ஓடுகிறது. நீங்கள் பேசும்போது முன்தகடு அதிர்ந்து துகள்களை நெருக்கும், தளர்த்தும். அதற்கேற்ப மின்தடை குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் குரலாக லைனில் போகிறது. ஈரம் ஏறினாலோ நெடுங்காலம் ஒரே நிலையில் கிடந்தாலோ துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டிக்கொள்ளும். தட்டினால் உதிர்கிறது, அதனால்தான் சிறிது நேரம் கேட்கிறது.

ஆனாலும் மைக்கைக் குற்றம் சொல்லும் முன் அதன் அடியில் இருக்கும் ஸ்ப்ரிங் தகடுகளைப் பாருங்கள். இதே அறிகுறி அங்கிருந்தும் வரும். தகடு தட்டையாகிப்போயிருந்தால் தட்டும்போது மட்டும் தொடும். திருப்புளி நுனியால் ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டு, தொடும் இடத்தை ரப்பரால் தேயுங்கள். சரியாகிவிட்டால் வேலை முடிந்தது.

இல்லையென்றால் மைக் டப்பாவை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம் அளவில் வைத்து அதன் இரு முனைகளில் தொடுங்கள். மெள்ளக் குலுக்கும்போது எண் சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை நிலையில்லாமல் ஆட வேண்டும். ஆடாமல் ஒரே எண்ணில் நின்றால் கட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணே வரவில்லையென்றால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. கட்டிக்கொண்டதைப் பிரிக்க, டப்பாவைச் செங்குத்தாகப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே சக்கரம் போலச் சுற்றுங்கள். லைனில் மாட்டியபடி தட்ட வேண்டாம், மின்சாரம் ஓடும்போது துகள் இன்னும் இறுகும். ஈரம் காரணமென்றால் மாத்திரை டப்பாக்களிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்துவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அவற்றோடு மைக்கை ஒரு வாரம் மூடிவையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் மாவுத்தூள்தான் ஓட்டையில் ஏறும்.

அப்படியும் வரவில்லையென்றால் அதே அளவில் எலக்ட்ரெட் மைக் (கரித்துகள் இல்லாத பிந்திய வகை) வைத்த மாற்று டப்பா போடலாம். லைன் மின்சாரத்திலேயே ஓடும். பிளஸ், மைனஸ் குறித்திருந்தால் அதன்படி மாட்டுங்கள். பழைய மைக்கை எறிந்துவிடாமல் ஒரு உறையில் போட்டுப் போனின் அடிப்பகுதியிலேயே வையுங்கள்.

நாங்குநேரி வாசகர்: தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருப்பு ரிசீவர் புதிது போல் ஆகிறது. இதில் தவறு உண்டா?

ஒரு வாரத்துக்கு ஆகும். எண்ணெய் தேய்ந்த தோலின் குழிகளை நிரப்புவதால் கருப்பாகத் தெரிகிறது. பிறகு அது தூசி சேர்த்துப் பிசுபிசுக்கும், மரைக்குள் இறங்கினால் பாளையங்கோட்டை வாசகரின் கதைதான். மெழுகு போடுங்கள்.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பழைய போன் முழுகிவிட்டது. துடைத்து எடுத்து வைத்தோம், திறக்கவில்லை. இப்போது திறக்கலாமா? ஏதாவது தேறுமா?

திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் மாவு போல் மென்மையானது, மரை வரைக்கும் போய்க் காய்ந்திருக்கும். காய்ந்த சேற்றை ஈரமாக்காமல், முதலில் பிரஷும் ஈர்க்குச்சியும் கொண்டு வரும் வரைக்கும் உதிர்த்துவிடுங்கள். மரையில் மணல் இருக்கும்போது வலுவாகத் திருகினால் மரை தேய்ந்துவிடும். கால் சுற்று திருகி, திரும்பக் கொண்டுவந்து, உதிர்வதைத் தட்டிவிட்டு மறுபடி கால் சுற்று என்று போங்கள்.

எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுகிறோம். மைக்: முழுகிய கரித்துகள் தேறாது, மாற்றுதான். இயர்பீஸ்: தேற வாய்ப்பு உண்டு. தகட்டை எடுத்து, வண்டலைப் பிரஷால் நீக்கி, உள்ளே பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைச் சில சொட்டு விட்டு உடனே பஞ்சால் ஒற்றி, பிறகு ஆல்கஹால் தொட்ட பிரஷால் ஈரத்தை விரட்டி, இரண்டு நாள் நிழலில் உலர விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு அங்கேயே தங்கும். உலர்ந்ததும் மல்டிமீட்டர் வையுங்கள். சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓமுக்குள் ஏதாவது ஒரு எண் அசையாமல் நின்றால் காயில் உயிரோடு இருக்கிறது. தகட்டைப் போட்டு மூடியையும் திருகிவிட்டு, 1.5 வோல்ட் சுவர்க்கடிகார பேட்டரியை இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். டக்கென்று சத்தம் கேட்டால் போதும். எண் வராவிட்டால் காயில் கம்பி எங்கோ அரித்து அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது டெர்மினலில் ஈயம் வைத்த இடத்துக்கு அருகில்தான் அறுந்திருக்கும். ரேடியோ மெக்கானிக் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டித் தருவார்.

கைப்பிடியில் வெளிறிய திட்டுகள் இருந்தால் பாலிஷ் ஓரளவு மறைக்கும். கரடுமுரடாகவே ஆகிவிட்டால் 1500, பிறகு 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது. பழைய வார்ப்புகள் சிலவற்றில் மரத்தூளுக்குப் பதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருப்பார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி வாசகி: ரிசீவர் கேபிள் பின்னிய நூல் உறை போட்டது. அங்கங்கே பூச்சி அரித்திருக்கிறது. துவைக்கலாமா? நூல் உறைக்குள் ஒரு வயர் விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது.

துவைக்க வேண்டாம் அம்மா. உறைக்குள் இருக்கும் பழைய ரப்பர் காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும். உலர்ந்த பிரஷ் போட்டுவிட்டு, சோப்பு நுரையை மட்டும் எடுத்துத் துணியில் தடவி ஒருமுறை நீவிவிடுங்கள். அரித்தது ராமபாணப் பூச்சியாக இருக்கலாம். கேபிளைத் தனியே கழற்றி, இரண்டு பாலிதீன் பைகளுக்குள் காற்றை நீக்கிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமலும் கேபிளை வளைக்காமலும் ஒரு நாள் விடுங்கள். குளிர்ந்த ரப்பர் ஒடியும்.

விட்டுவிட்டு வேலை செய்யும் வயருக்கு: இந்தக் கேபிளில் இருப்பது சாதாரணச் செம்புக் கம்பி இல்லை. நூலின் மேல் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றியிருப்பார்கள், வளைந்து வளைந்து பழக வேண்டும் என்பதற்காக. அறுவது பெரும்பாலும் ரிசீவருக்குள் நுழையும் இடத்தை ஒட்டிய இரண்டு மூன்று அங்குலத்தில். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, கேபிளை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். எங்கே பீப் நின்று நின்று வருகிறதோ அங்கேதான். அதுவரை வெட்டி நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். நேராக சால்டரிங் வைத்தால் நூல் கருகும், ஈயமும் பிடிக்காது. வயர் நுனியை மெல்லிய செம்புக் கம்பியால் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் மேல் லக்கை வைத்து நெருக்கிவிடுங்கள். பிறகு உறை பிரியாமல் இருக்கக் கருப்பு நூலால் சுற்றிக் கட்டுங்கள்.

வள்ளியூர் வாசகர்: மூடியின் ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. துண்டு கையில் இருக்கிறது. எதால் ஒட்டுவது?

உடனடிப் பசை வேண்டாம்; காயும்போது சுற்றிலும் வெள்ளைப் பூப்பு விழும். இரண்டு ட்யூபாக வரும் எப்பாக்சி வாங்குங்கள், சீக்கிரம் காய்வதைவிட மெதுவாகக் காயும் வகை நல்லது. உடைந்த இரு முகங்களையும் ஆல்கஹாலால் துடைத்து, எப்பாக்சியில் அகல் விளக்குப் புகைக்கரி ஒரு சிட்டிகை கலந்து கருப்பாக்கி, மெல்லியதாகப் பூசி, செல்லோ டேப்பால் இழுத்துக் கட்டி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். வழிந்ததைக் காயும் முன்னே ஆல்கஹால் தொட்ட துணியால் எடுத்துவிட வேண்டும். மரை இருக்கும் பக்கத்தில் பசை போயிருந்தால் அந்த மூடி அதன் பிறகு திருகாது. அதனால் மரைப் பக்கம் மெழுகு தடவி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: சுத்தம் செய்து மாட்டியாயிற்று. வீட்டில் இப்போது ஃபைபர் இணைப்புதான். அதில் பேச முடியுமா?

ஃபைபர் பெட்டியின் பின்னால் போன் என்று போட்ட சிறிய துளை இருந்தால் அதில் மாட்டலாம். பழைய போனின் இரண்டு லைன் வயரையும் புதிய பிளக்கின் நடு இரண்டு முனைகளுக்குக் கொண்டுவர வேண்டும். ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் மைக்கில் மெதுவாக ஊதுங்கள். ஊதுவது உங்கள் காதிலேயே கேட்டால் மைக், இயர்பீஸ், கேபிள் மூன்றும் வேலை செய்கின்றன. டோன் கேட்டு ஊதுவது கேட்காவிட்டால் மைக்கின் ஸ்ப்ரிங் தகட்டுக்குத் திரும்பிப் போங்கள். டோனே இல்லையென்றால் ரிசீவரைத் தாங்கும் கொக்கியின் அடியில் இருக்கும் சுவிட்ச் தொடர்புகளைப் பாருங்கள்.

வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம். சுழற்றி அழைப்பதுதான் சிக்கல். டயல் அனுப்புவது விட்டு விட்டுத் துண்டிக்கும் துடிப்பு. ஃபைபர் பெட்டிகள் பலவற்றுக்கு பட்டன் போன் எழுப்பும் டோன் மட்டும்தான் புரியும். துடிப்பை டோனாக மாற்றும் சிறிய கருவி தனியாக விற்கிறது, அதை நடுவில் போட்டால் டயலிலிருந்தும் அழைக்கலாம். மணி மட்டும் மந்தமாக அடித்தால் ரிசீவரில் தேட வேண்டாம். பழைய இரட்டைக் கிண்ண மணியை அடிக்க அந்தப் பெட்டி தரும் மின்சாரம் சில நேரம் போதாது. அதே லைனில் வேறு போன் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.